ஒன்பது மீசைப் படங்கள்

மீசை இருந்தது, தொப்பி இருந்தது, கோடு போட்ட காலுறை இருந்தது. குடம் மட்டும் இல்லை.

ஏனோக் படத்தைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்தில் சிகரெட் கம்பெனிக்காரன் தன் பெருமையைத்தான் எழுதி வைத்திருந்தான். மறுபடி முன்பக்கம். மீசைக்காரன் ஒருவன் கையை ஓங்கிக்கொண்டு நின்றான். காலடியில் பொடி எழுத்தில் அவன் பெயர். பக்கத்தில் 'பிட்சர்' என்று போட்டிருந்தது.

"பிட்சர்னா குடம். தெளிவா அச்சடிச்சிருக்கான் ஐடா. ஆனா குடத்தைக் காணோம்!"

ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி ஐடா நிமிராமலே சொன்னாள்: "உள்ள வச்சிட்டு வந்திருப்பான். போட்டோ புடிக்கிற எடத்துக்கு யாராச்சும் குடத்தைத் தூக்கிக்கினு வருவாங்களா?"

ஏனோக்குக்கு அது நியாயமாகவே பட்டது. துண்டுக் காகிதத்தில் 'தண்ணீர் சுமப்பவர்' என்று எழுதிப் படத்தின் கீழே வைத்தான். பொழுது விடிந்ததிலிருந்து அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோயிலில் பிரசங்கம் நடந்தபோதுகூட மனசுக்குள் படங்களைத்தான் அடுக்கிக்கொண்டிருந்தான்.

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் டைம் ஆபீஸ் கிளார்க் அவன். ஷிப்டுக்கு யார் எத்தனை மணிக்கு இறங்கினார்கள், எத்தனை மணிக்கு ஏறினார்கள் என்று எழுதுவது உத்தியோகம். உயிர் இருந்தது சிகரெட் படங்களில். பாக்கெட் நசுங்காமல் இருக்க உள்ளே வைக்கிற சின்ன அட்டையில் கப்பல், குதிரை, சிப்பாய் என்று ஏதாவது படம் போட்டிருப்பார்கள். துரைமார் பிடித்துவிட்டு எறிகிற பாக்கெட்டிலிருந்து அதைப் பொறுக்கிச் சேர்ப்பவர்கள் ஃபீல்டு என்று எல்லாரும் சொல்கிற தங்கவயல் முழுக்க மூன்றே பேர். ஏனோக் ஒருவன். ஊரிகம் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் இன்பராஜ் ஒருவர். பாலகாட் சுரங்கத்து ஸ்டோர் கிளார்க் கோவிந்தன் ஒருவர். மூன்று பேருக்கும் சிகரெட் பழக்கம் கிடையாது.

இந்த மூவரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அடிக்கடி ஒருவருக்கொருவர் போட்டி வைப்பார்கள். ஜெயித்தவருக்குப் போட்டி வைத்தவர் தன் படங்களிலிருந்து பரிசு தர வேண்டும். ஆஸ்பத்திரித் தோட்டத்துப் பூசணிக்காயில் எத்தனை விதை என்று இன்பராஜ் வைத்த போட்டியில் ஏனோக் நானூற்றுப் பன்னிரண்டு என்றான். அறுத்து எண்ணினால் நானூற்று ஒன்பது. கோடை மழை முதலில் என்றைக்குப் பெய்யும் என்று கோவிந்தன் வைத்த போட்டியில் அவன் சொன்ன தேதியிலேயே மழை கொட்டியது. இரண்டு பரிசும் ஒரே பிஸ்கட் டின்னில் வந்து சேர்ந்தன. அறுபத்தொரு படங்கள்!

ஆனால் சங்கத்துக்கு ஒரு கடுமையான சட்டம் இருந்தது. ஜெயித்தவன் ஏழு நாளைக்குள் படங்களை வகை பிரித்து, ஒவ்வொன்றும் இன்னதென்று சீட்டு எழுதி, மற்ற இருவரையும் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். சீட்டு எழுத முடியாத படம் கொடுத்தவருக்கே திரும்பிப் போய்விடும். இன்று ஏழாவது நாள். மூன்று மணிக்கு இருவரும் வருகிறார்கள்.

ஐம்பத்திரண்டு படங்கள் சுலபமாகப் பிரிந்துவிட்டன. சிப்பாய்கள் ஒரு வரிசை, கப்பல்கள் ஒரு வரிசை, குதிரைகள் ஒரு வரிசை. நாடகக்காரிகளை ஐடாவை உத்தேசித்துக் குப்புற வைத்திருந்தான். மிச்சம் இந்த ஒன்பது மீசைக்காரர்கள்தான். கரண்டுக் கம்பம் நட வந்த அமெரிக்காக்காரர் ஒருவர் சிவசமுத்திரத்தில் கரண்டு எடுக்கிற இடத்துக்குத் திரும்பிப் போகும்போது விட்டுப்போன தகர டப்பாவில் கோவிந்தனுக்கு அகப்பட்டவை. அமெரிக்காப் படம் ஃபீல்டில் வேறு யாரிடமும் இல்லை. இவற்றைத் திருப்பிக் கொடுப்பதற்குப் பதில் ஏனோக் தன் கையையே வெட்டிக் கொடுத்துவிடுவான்.

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம் உண்டு, அதை ஆடுகிறவர்களின் படம் இது என்று சுரங்கக் கம்பெனியின் அந்த லைன் வீடுகளில் ஒரு ஜீவனுக்கும் தெரியாது. ஆகவே ஏனோக் இங்கிலீஷை மட்டுமே நம்பிச் சீட்டு எழுதினான். 'கேட்சர்', பிடிக்கிறவர், ஆகவே போலீஸ்காரர். 'ஷார்ட் ஸ்டாப்', கொஞ்ச நேரம் நிற்பவர், ஆகவே ரயில்வே உத்தியோகம். 'தேர்ட் பேஸ்' என்பவர் சுரங்கத்தில் மூன்றாம் லெவலில் வேலை செய்பவராக இருக்கும். கடைசிப் படத்தில் 'லெஃப்ட் ஃபீல்ட்' என்றிருந்தது. அதில் சந்தேகமே இல்லை. ஃபீல்டை விட்டுப் போனவர்!

"அமெரிக்காவிலயும் நம்ம மாதிரி ஒரு கோல்டு ஃபீல்டு இருக்குது போல ஐடா. அதுல வேலை செய்யறவங்க இவங்க."

ஐடா கையைக் கழுவிவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க இது? தண்ணி சுமக்கறவனும் போலீஸ்காரனும் ஒரே தினுசு சட்டை போட்டுக்கினு இருக்கறாங்க? எல்லாருக்கும் ஒரே கோடு போட்ட காலுறை?"

ஏனோக்குக்குச் சுருக்கென்றது. அது அவன் கண்ணில் படவே இல்லை. இதை இன்பராஜ் கேட்டால் என்ன பதில் சொல்வது?

மூன்றாவது வீட்டுச் சிரிலிடம் ஓடினான். பட்டாளத்தில் பியூகிள் ஊதிப் பென்ஷன் வாங்கியவர். பர்மாவெல்லாம் பார்த்தவர். ஒருமுறை அந்தமானுக்குக் கைதிகளை ஏற்றிப் போன கப்பலிலும் போயிருக்கிறார். அவரைக் கேட்டால் தெரியாது என்ற வார்த்தையே வராது.

சிரில் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றில், மீசைக்காரன் ஒருவனுக்கு எதிரே ஒரு பந்து நூலில் கட்டி அந்தரத்தில் தொங்கியது. அவர் முகம் மாறியது.

"ஏனோக்கு, கதவைச் சாத்து."

"இன்னா அண்ணே?"

"இவங்க எல்லாரும் கைதிங்கடா! ஒரே உடுப்பு. இது இன்னான்னு நெனச்சே? இரும்புக் குண்டு. கைதிங்க கால்ல கட்டறது. சங்கிலி பாரு, மெலிசாத் தெரியுது. அறுத்து எறிஞ்சிட்டு ஓடறான். கேட்சர்னு போட்டிருக்குதே, புடிச்சிக் குடுக்கணும்னு அர்த்தம். தப்பி ஓடினவங்க படத்தை சிகரெட்டுல போட்டா ஊர் பூரா பாத்துக்கும் இல்ல?"

"அப்ப லெஃப்ட் ஃபீல்ட்?"

"ஜெயிலை விட்டு வயல் வழியா ஓடிட்டான்!"

ஏனோக்குக்கு மயிர்க்கூச்செடுத்தது. தண்ணீர் சுமப்பவர்களைவிடத் தப்பியோடிய கைதிகள் எவ்வளவோ மேல்! சங்கத்தில் இப்படி ஒரு வரிசை யாரிடம் இருக்கிறது? வீட்டுக்கு ஓடி வந்து ஒன்பது சீட்டையும் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினான். 'தப்பியோடிய கைதி, ஒன்று.' 'தப்பியோடிய கைதி, இரண்டு.'

எட்டு எழுதி முடிப்பதற்குள் பக்கத்து வீட்டுப் பாப்பம்மா கொஞ்சம் புளி கேட்டு உள்ளே வந்தாள். ஒன்பதாவது படத்தைப் பார்த்தவள் வாயில் கை வைத்தாள்.

"இது எங்க கேப்டன் தொரை ஆச்சே?"

"எந்தத் தொரை?"

"பென்ரோஸ் தொரைங்க! மூணு மாசம் முன்னாடி வந்தாரே. நான் தெனம் தண்ணி ஊத்தற பங்களா, எனக்குத் தெரியாதா? அதே மீசை, அதே முழி!"

ஏனோக் படத்தை மூக்குக்கு நேரே பிடித்தான். அணில் வால் மாதிரி இரண்டு பக்கமும் தொங்குகிற மீசை. நடு வகிடு. பென்ரோஸ் துரையேதான். சுரங்க வேலையை மேற்பார்க்கிற கேப்டனாகத் தினமும் காலையில் டைம் ஆபீஸ் ஜன்னலைத் தாண்டிப் போகிறவரேதான்! ஆனால் கீழே வேறு ஏதோ பெயர் இருந்தது.

"பேரை மாத்திக்கினு வந்திருக்காரு," என்றான் ஏனோக், தன் குரல் தனக்கே கேட்காமல்.

"எதுக்கு மாத்தணும்?" என்றாள் பாப்பம்மா. அப்புறம் அவள் கண் பக்கத்தில் இருந்த சீட்டில் விழுந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் சிரில் அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டிருந்தார். அவர் சத்தமாகவே படித்துக் காட்டினார்.

பாப்பம்மா புளியை மறந்துவிட்டுப் போனாள். அரை மணி நேரத்தில் லைன் முழுவதும் ஏனோக் வீட்டு வாசலில் நின்றது. துரை எத்தனை கொலை செய்தார் என்பதில்தான் அபிப்பிராய பேதம். ஒருவர் இரண்டு என்றார். இன்னொருவர் அந்த மீசைக்கு நாலாவது இருக்கும் என்றார்.

"எம் புருசன் அந்தாளோட ஒரே கேஜுக் கூண்டுல தெனம் பாதாளத்துக்கு எறங்கறாரே!" என்று ஒரு பெண் அழ ஆரம்பித்தாள்.

ஐடா ஏனோக்கை உள்ளே இழுத்தாள். "இன்னா வேலை பண்ணி வச்சிருக்கீங்க? தொரை காதுக்குப் போனா உங்க வேலை நிக்குமா? இந்த வீடு நிக்குமா? கம்பெனி லைனுங்க இது!"

அந்த நேரம் பார்த்து இன்பராஜும் கோவிந்தனும் வந்து சேர்ந்தார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றிய இன்பராஜ், விஷயம் தெரிந்ததும் மறுபடி மாட்டிக்கொண்டார்.

"கைதின்னு சொல்றீங்களே, அத்தாட்சி இன்னா?" என்றார் இன்பராஜ்.

"அத்தாட்சி இல்லைன்னா சீட்டு செல்லாது," என்றார் கோவிந்தன், ஒன்பது படங்களையும் ஆசையோடு பார்த்தபடி. கொடுத்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. "சட்டப்படி என் படத்தை நான் எடுத்துக்கினு போறேன்."

"கைய வைக்காதீங்க கோவிந்தன்!" ஏனோக் படங்களை அள்ளிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். "அத்தாட்சிதானே? வாங்க. பங்களா வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாப்போம். நீங்க ரெண்டு பேரும் மொகத்தையும் படத்தையும் ஒத்துப் பாத்து ஒப்புக்கங்க. சத்தம் போடாம திரும்பி வந்துடலாம்."

மூன்று பேர் சத்தம் போடாமல் புறப்பட்டார்கள். பின்னால் நாற்பது பேர் சத்தம் போடாமல் வந்தார்கள். சிரில் பியூகிளை எடுத்துக்கொண்டு வந்தார், எதற்கும் இருக்கட்டும் என்று.

வேலியோரம் குனிந்து இருபது நொடிகூட ஆகியிருக்காது. துரையின் நாய் குரைத்த குரைப்பில் பங்களாக் கதவு திறந்தது. பென்ரோஸ் துரை வெளியே வந்தார். வேலிக்கு மேலே வரிசையாக நாற்பது தலைகள் தெரிந்தன.

"என்ன கூட்டம் இது?" என்று இங்கிலீஷில் இரைந்தார். "சுரங்க ஷாஃப்ட்டில் ஏதாவது விபத்தா?"

எல்லாருமாகச் சேர்ந்து ஏனோக்கை முன்னால் தள்ளிவிட்டார்கள். லைனில் இங்கிலீஷ் தெரிந்தவன் அவன்தானே. கைதியா என்று கேட்க முடியுமா? கேட்காமல் திரும்பத்தான் முடியுமா? ஏனோக் படத்தை நீட்டித் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டான்.

"சார்... இது... நீங்களா, சார்?"

துரை படத்தை வாங்கிப் பார்த்தார். கம்பீரமாக நிற்கிற மீசைக்காரனைப் பார்த்தார். அப்புறம் வாயைப் பிளந்துகொண்டு தன்னையே பார்த்து நிற்கிற நாற்பது பேரைப் பார்த்தார். பிறகு அவர் மார்பு மெல்ல விரிந்தது.

"ஆமாம். நான்தான்."

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. பாப்பம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஆனா பேரு வேறயா இருக்குது, சார்."

"அது... என் அம்மா வீட்டுப் பெயர். அமெரிக்காவில் அதைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன்."

"சார், கோவிச்சுக்கக் கூடாது." ஏனோக் பையிலிருந்து இன்னொரு படத்தை எடுத்துக் காட்டினான். "இந்த இரும்புக் குண்டு..."

"இரும்புக் குண்டா? முட்டாள், அது பந்து! இது ஒரு ஆட்டம்!"

"ஆட்டம்!" என்று ஏனோக் தமிழில் கத்தினான். "கைதி இல்ல! ஆட்டக்காரரு! நம்ம தொரை அமெரிக்காவுல பெரிய ஆட்டக்காரரு! சிகரெட்டுல படம் போட்டிருக்கறாங்க!"

நாற்பது பேர் ஒரே மூச்சாக விட்ட பெருமூச்சில் வேலியே அசைந்தது. உடனே கைதட்டல். சிரில் பியூகிளை எடுத்து ஊதினார். சற்று முன் அழுத பெண், "நான் அப்பவே சொன்னேன், நல்ல மொகம்னு," என்றாள்.

துரையின் முகம் தக்காளிப் பழமாகிவிட்டது. ஆனால் அவர் உள்ளே போகவில்லை. அந்தக் கைதட்டலை விட்டு எப்படிப் போக மனசு வரும்?

இன்பராஜ் மட்டும் சட்டத்தை விடவில்லை. "ஆட்டம்னா சரி. பிட்சர்னா இன்னான்னு கேளுங்க ஏனோக். சீட்டு எழுதணுமே."

"சார், பிட்சர்னா குடமா, சார்?" என்று கேட்டான் ஏனோக்.

துரை ஒரு கணம் மீசையைத் தடவினார். "சரியாகச் சொன்னாய். குடமேதான்! குடம் இல்லாமல் இந்த ஆட்டமே இல்லை."

"ஐடா! நான் அப்பவே சொன்னேன் இல்ல!" கூட்டத்தில் நின்ற ஐடாவைப் பார்த்து ஏனோக் துள்ளினான்.

"ஆடிக் காட்டச் சொல்லுங்க!" என்று கூட்டம் கத்தியது.

துரை பங்களாவுக்குள் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

பங்களாவுக்கு எதிரே இருந்த திடலில் அன்று நடந்ததைப் போல ஃபீல்டில் அதற்கு முன் எதுவும் நடந்ததில்லை. மட்டைக்குப் பிக்காசுக் காம்பு வந்தது. எந்திரம் துடைக்கிற பழைய நூலைச் சுருட்டிக் கயிறு கட்டிப் பந்து செய்தார்கள். பாப்பம்மாவின் பித்தளைக் குடத்தை நடுவில் வைத்தார்கள். சட்டதிட்டங்களைத் துரை சொல்லச் சொல்ல ஏனோக் தமிழில் சொன்னான். இடையிடையே தன் சந்தேகங்களையும் கேட்டுக்கொண்டான்.

"கேட்சர்னா போலீஸா, சார்?"

"போலீஸ் மாதிரி. ஓடுகிறவனைத் துரத்திப் பிடிக்க வேண்டும்."

"ஷார்ட் ஸ்டாப்?"

"ஓடுகிறவன் நடுவில்... கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். மூச்சு வாங்குவதற்கு."

"நீங்க லெஃப்ட் ஃபீல்ட், சார். ஃபீல்டை விட்டுப் போயிடணுமா?"

"அடித்த அடியில் பந்து காணாமல் போனால், அடித்தவன் நேரே வீட்டுக்குப் போகலாம். அவன்தான் ஜெயித்தவன்."

"ஆட்டத்துக்குப் பேரு இன்னான்னு கேளுங்க," என்றார் கோவிந்தன்.

"அமெரிக்காவில் வெறுமனே ஆட்டம் என்பார்கள்," என்றார் துரை. "எல்லாருக்கும் தெரிந்ததற்குப் பெயர் எதற்கு?"

அடடா என்று எல்லாரும் தலையசைத்தார்கள்.

இரண்டு மணி நேரம் ஆடினார்கள். பந்தைக் குடத்துக்குள் போட்டால் ஒரு சத்தம், போடாவிட்டால் இரண்டு சத்தம். கோவிந்தன் கேட்சராகி, ஓடிய இன்பராஜைக் காலைப் பிடித்து இழுத்துப் புழுதியில் தள்ளினார். கொஞ்ச நேரம் நிற்க வேண்டிய சிரில் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். துரை ஒரே அடியில் பந்தை, தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பினார். அடுத்த அடி குடத்தில் விழுந்து, குடம் ஒரு பக்கம் நசுங்கிப் போயிற்று. பாப்பம்மா துரையென்றும் பாராமல் திட்டினாள். துரைக்குத் தமிழ் புரியாததால் தொப்பியை எடுத்து வணக்கம் சொன்னார். அதற்கும் கைதட்டினார்கள்.

பொழுது சாய்வதற்குள் ஏனோக் திடலிலேயே உட்கார்ந்து ஒன்பது சீட்டையும் மூன்றாவது தடவையாக எழுதினான். இன்பராஜ் முழங்காலில் மண்ணோடு ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டினார். கோவிந்தன் நீண்ட பெருமூச்சு விட்டார். ஒன்பது படங்களும் ஏனோக்குக்கே சொந்தம் என்று தீர்ப்பாயிற்று.

திங்கட்கிழமை டைம் ஆபீஸ் ஜன்னலில் பேர் கொடுக்க வந்தவர்கள் வேறு பேச்சே பேசவில்லை. ஊரிகத்துக்கு ஒரு அணி, பாலகாட்டுக்கு ஒரு அணி, சாம்பியன் ரீப்ஸுக்கு இரண்டு அணி என்று பேர் எழுதுவதற்குத் தனி நோட்டே போட வேண்டியிருந்தது. தமிழ் தெரியாத காவல்காரச் சர்தார் ஒருவர்கூட, 'குடம், குடம்' என்று சைகை காட்டித் தன் பேரைச் சேர்த்துக்கொண்டு போனார். ஏனோக்குக்குத் தலைகால் புரியவில்லை. ஃபீல்டுக்கே ஒரு புது ஆட்டத்தைக் கொண்டு வந்தவன் அவன்! வருகிறவர்களுக்கெல்லாம் படத்தைக் காட்டி, குடத்துச் சட்டத்தை விளக்கி விளக்கித் தொண்டை கட்டிவிட்டது.

பத்து மணி இருக்கும். துரை பங்களாப் பட்லர் மரியகுழந்தை வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்.

"வாங்க, வாங்க! தொரை எப்படி இருக்காரு?" என்றான் ஏனோக், முகமெல்லாம் பல்லாக.

"எங்க இருக்காரு... கதவைச் சாத்திக்கினு உக்காந்திருக்காரு," என்றார் மரியகுழந்தை, குரலைத் தாழ்த்தி. "விஷயம் தொரைங்க கிளப்புக்குப் போயிடிச்சி. சிவசமுத்திரத்துல கரண்டு வேலை பாக்கற அமெரிக்காத் தொரைங்க ஒம்போது பேரு, அவரோட ஆடறதுக்குன்னே சாயங்கால ரயில்ல வந்துக்கினு இருக்காங்களாம். அதுக்குள்ள லைன்ல யாருக்காச்சும் அந்த ஆட்டம் நெசமாவே ஆடத் தெரிஞ்சிருந்தா, கையோட கூட்டியாரச் சொன்னாரு."